வெயில் தின்ற ஹெல்மெட்

மாடி வராந்தாவில் வெயில் சாய்ந்து விழுகிறது. மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்துவிட்டு வந்த கணவனின் மஞ்சள் ஹெல்மெட், எப்போதும்போல் கைப்பிடிச் சுவரில் காய்கிறது. பிளாஸ்டிக் சோதனைக்கூடத்தில் வேலை செய்யும் மனைவி அதை எடுக்கிறாள். வெளிப்புறத்திலிருந்து விரலில் வெளிறிய மாவு ஒட்டுகிறது. உட்புறம் மட்டும் இன்னும் புது மஞ்சள். இரு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து மெல்ல அழுத்தி, காதருகே கொண்டுபோகிறாள். "ஆரம்பிச்சுட்டியா? லேப்பை அங்கேயே விட்டுட்டு வரமாட்டியா?" என்று அவன் டீயை ஊதுகிறான். "வெயில்ல கெடந்த பிளாஸ்டிக் பாக்க நல்லாத்தாங்க இருக்கும். புதுசை மெஷின்ல மாட்டி இழுத்தா ஜவ்வு மாதிரி நீளும். இது சாக்பீஸ் மாதிரி பட்டுனு போயிடும்." "போன வாரம்கூட மேலேருந்து தலையில ஸ்பேனர் விழுந்துச்சு, தாங்குச்சே!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். வீட்டில் அதைப் பற்றி மூச்சுகூட விடாமல் இருந்தான்.  அவள் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறாள். சடசடவென்று மெல்லிய சத்தம். உச்சியிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு ஓடி, ஹெல்மெட் வாய்பிளக்கிறது.

வாய்க்குப் போன டம்ளர் பாதி வழியில் நிற்கிறது. திட்டு விழப்போகிறது என்று அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அவள் ஹெல்மெட்டைக் கீழே வைக்கிறாள். மாவு படிந்த உள்ளங்கைகளை அவன் தலையின் இரு பக்கமும் வைத்து, அதேபோல் மெல்ல அழுத்தி, காதைக் கிட்டே கொண்டுபோகிறாள்.

"என்னடி, ஏதாவது கேக்குதா?"

"பேசாம இருங்க."