பதிவில் ஏறிய குறட்டை

காட்டு நீதிமன்றத்தில் யானைதான் நீதிபதி. விசாரணையில் காதில் விழுவதையெல்லாம் அப்படியே மரப்பட்டையில் கொத்திப் பதிவு செய்வது மரங்கொத்தியின் வேலை.

அன்று முயலின் வழக்கு. அது தோண்டிய வளையில் கீரி குடியேறிக்கொண்டு, காலி செய்ய மாட்டேன் என்றது. சரியான மதிய வெயில். கீரிக்காக நரி வக்கீல் நீட்டி முழக்கிப் பேசி முடித்தது. பிறகு முயல் அழாக்குறையாகத் தன் கதையைச் சொன்னது.

யானை தும்பிக்கையைத் தூக்கியது. "இரண்டு தரப்பையும் முழுமையாகக் கேட்டேன். வளை கீரிக்கே!"

முயல் பதறிப்போனது. "ஐயா, நான் சொன்னதை ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள்!"

"தாராளமாக" என்றது யானை.

மரங்கொத்தி படித்தது: "முயல்: அந்த வளையை நான்தான் தோண்டினேன், ஐயா. நீதிபதி: கொர்ர்ர். முயல்: என் குட்டிகள் அங்கேதான் பிறந்தன. நீதிபதி: கொர்ர்ர்ர்ர்."

நரிகூடச் சிரித்துவிட்டது.

யானை மரங்கொத்தியிடம் குனிந்து கிசுகிசுத்தது. "அந்தக் கொர்ரை மட்டும் எடுத்துவிடேன்."

"நீங்கள் இப்போது சொன்னதையும் கொத்திவிட்டேன், ஐயா."

யானை இரண்டு காதாலும் முகத்தை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தது.

"தீர்ப்பு வாபஸ். முயலே, முதலிலிருந்து சொல். மரங்கொத்தி, நீ என் காதுக்குப் பக்கத்துக் கிளைக்கு வா. அங்கே உட்கார்ந்து நன்றாகக் கொத்து!"