குபாத் பக்கத்தில் உட்காராதே

"எத்தனை கம்ப்யூட்டர் ஆட்டச் சங்கம் இருக்கு, சிர்கா! சதுரங்கம் ஆடுறாங்க, கார் பந்தயம் ஆடுறாங்க. நாள் முழுக்கத் திரையில முட்டைக்கோஸ் வளர்க்கிறவங்ககூட இருக்காங்க. எதுல வேணா சேரு. அந்தக் குபாத் பக்கத்துல மட்டும் உட்காராதே!"

விடுதி அறைத் தோழி பெரிசாத்தின் சிபாரிசு இது. பிஷ்கெக்கில் முதலாண்டு படிக்க வருகிறவர்களுக்குப் பாடப் புத்தகத்தைச் சொல்ல ஆள் இருக்காது. எந்த ஆட்டம், யாரோடு ஆட்டம் என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள்.

"போன வருஷம் வரைக்கும் தங்கமான மனுஷன்தான். இப்ப என்ன கேடு வந்துச்சோ, கொம்பு முளைச்சிடுச்சு!"

சிர்காவின் கையில் காலி டப்பா. சொந்த ஊர் நாரினிலிருந்து அம்மா அனுப்பிய குருத். உப்புப் போட்டு உலர்த்திய தயிர் உருண்டைகள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தனையும் தின்றுவிட்டு டப்பாவை அவள் மடியில் வீசியவன் குபாத்.

அது மட்டுமா? பயிற்சிக்குத் தாமதமாக வருவான். "ஏ ஆட்டுக்குட்டி, டீ எங்கே?" என்பான். நடு ஆட்டத்தில் கொட்டாவி விடுவான். தோற்றால் பழி மட்டும் அவள் தலையில். குழுத் தலைவனாம்!

"இவ்வளவு ஆனப்புறமும் ஏன்டி அங்கேயே கிடக்கிறே?"

"எனக்கு அந்த ஆட்டம் உசிரு."

பொய்யில்லை. கோட்டை பிடிக்கும் ஆட்டம் அது. ஐந்து பேர் குழுவில் சிர்காவுக்குக் காவல் வேலை. கோபுரத்தின் மேல் நின்று, எதிரி எங்கே பதுங்குகிறான் என்று பார்த்து, மற்ற நால்வருக்கும் ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும்.

பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கோளாறெல்லாம் சொல்வதில்தான். நால்வரும் அவளைவிட மூத்தவர்கள்; ஊர் வழக்கப்படி 'பைகே', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவளோ, பெரியவர்கள் பேசும்போது குனிந்த தலை நிமிராமல் டீ ஊற்றி வளர்ந்தவள்.

"பைகே... தப்பா நினைக்காதீங்க பைகே... முடிஞ்சா கொஞ்சம் பின்னாடி..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பைகே செத்திருப்பார்.

இறுதிப் போட்டிக்கு முன்னால், அந்த நால்வரில் ஒருவனான அதிலெத் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு ஜெயிச்சா அல்மாத்திப் போட்டிக்குப் போறோம். தோத்தா உன் நாற்காலியில வேற ஆளு. ஊமைக் காவலை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

குபாத் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். மென்று முடித்து, அவள் மேசை விளிம்பில் ஒட்டினான்.

சிர்காவின் காது மடல் சிவந்தது.

அரங்கம் கொள்ளாத கூட்டம். விசில், தரையை மிதிக்கும் சத்தம், ஆளுக்கொரு கொடி. முதல் சுற்று இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் இரண்டு பக்கமும் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

திரையில் கோட்டை வாசலில் குபாத். அவன் முதுகுக்குப் பின்னால், புதருக்குள் மூன்று எதிரிகள். சிர்காவுக்கு மட்டும் தெரிகிறது.

"பைகே..."

"ஆ...வ்" என்று கொட்டாவி விட்டான் குபாத்.

ஒரு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய் குருத் திருடா! பின்னாலடா! புதருக்குள்ள மூணு பேர்டா! திரும்புடா, எருமை!"

குழுவின் பேச்சு அரங்கத்து ஒலிபெருக்கியிலும் கேட்கும். கூட்டம் ஒரு கணம் வாயடைத்து, பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தியது.

குபாத் திரும்பினான். மூன்று பேரும் காலி!

அதற்கப்புறம் சிர்காவை யார் நிறுத்துவது? "அதிலெத், ஏன்டா மரம் மாதிரி நிக்கிறே, இடப்பக்கம் ஓடு! ம்ம், இப்ப வேண்டாம்... பொறு... பொறு... அடி!"

நான்கு மூத்தவர்களும் சொன்னபடி ஓடினார்கள், நின்றார்கள், அடித்தார்கள். எதிரியின் கோட்டை விழுந்தது. கோப்பை இவர்களுக்கு! முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். முன்வரிசையில் பெரிசாத் நாற்காலி மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள்.

சிர்காவை மட்டும் காணோம்.

மேடைக்குப் பின்னால், படிக்கட்டில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குபாத் தேடிக்கொண்டு வந்ததும் பதறி எழுந்தாள்.

"மன்னிச்சிடுங்க பைகே. அத்தனை பேர் முன்னாடி, வயசுல மூத்தவங்களை... எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா உசிரையே விட்டுடுவாங்க. எனக்கு வாய்க்கொழுப்பு. என்னைக் குழுவை விட்டு எடுத்துடுங்க."

குபாத் சிரித்தான். இத்தனை நாளில் அவள் பார்க்காத சிரிப்பு. அவன் அவளைவிட ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"முதல் நாளே உன்கிட்ட சொன்னேன், 'பயப்படாம கத்து, திட்டினாலும் பரவாயில்லை'ன்னு. 'சரிங்க பைகே'ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே."

"ஆமாங்க பைகே."

"உன் கண்ணுல மரியாதை இருக்கிற வரைக்கும் உன் வாய் திறக்காதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதான் தங்கச்சி, ஒரு மாசமா மரியாதை கெட்டவனா நடந்துக்கிட்டேன்."