முன்னறையில் ஒத்திகை

மஃரிப் தொழுகை முடிந்ததுமே பஹீம் முன்னறையில் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டார். உயர்தரம் முடித்த பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்குத் தயார்படுத்துவது பள்ளிக்கூடத்தில் அவருடைய வேலை. இந்த வாரம் அது வீட்டுக்கும் வந்திருந்தது.

குசினியிலிருந்து அவர் மனைவி றம்ஸியா காது கொடுத்தாள்.

"நிலத்தப் பாக்காதீங்க நப்லா. என்ட கண்ணப் பாத்துப் பேசுங்க."

நப்லா சிரிப்பது கேட்டது.

"சிரிப்பு நல்லா ஈக்கி. இப்ப செல்லுங்க, உங்களுக்கு என்ன விருப்பம்? அஞ்சு வருசத்துல எப்பிடி ஈக்க ஆச?"

றம்ஸியாவுக்கு வயிறு எரிந்தது. கலியாணம் முடித்த நாள்முதல் அவர் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பிளேன்டீயைக் கொண்டுபோய் மேசையில் டக்கென்று வைத்தாள்.

"இன்னும் முடியல்லியா?"

"நாளைக்கு பல்லேகல கொம்பனில இன்டர்வியூ. கொஞ்சம் பொறுங்க."

"வாப்பா, உம்மாக்குப் பொறாம!" நப்லா சிரித்துக்கொண்டே எழுந்து உடுப்பு அயன் பண்ணப் போனாள்.

மகள் சொன்னது பகிடி. ஆனாலும் றம்ஸியாவின் முகம் சுட்டது. அவளும் உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தவள்தான். பெறுபேறு வந்த கிழமையே பஹீம் வீட்டார் பெண் கேட்டு வந்துவிட்டார்கள்.

பஹீம் தேநீரை எடுத்தார். றம்ஸியா உள்ளே போகவில்லை.

"அந்தக் கொம்பனில என்ட வயசுக்காரியளயும் எடுப்பாங்களா?"