கோசலை சொன்ன நீளம்

"இவ்வளவு நீளமா? தரையைப் பெருக்கும்மா," என்றார் கபிரியேல். பாரிஸில், தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் தையல்கடை வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்.

"பெருக்காது ஐயா. நான்தான் அளந்தனான்," என்றாள் கோசலை. திங்கட்கிழமை அவள் புருஷன் சிவமணிக்கு வேலைக்கான நேர்முகம். அதற்குத்தான் இந்தக் கோட்டும் கால்சட்டையும்.

"பெல்பாட்டம் காலமெல்லாம் போயாச்சு. எண்பத்தாறுல யாரும்மா இப்படிப் போடுறாங்க? ஒடுக்கமா, ஷூவைத் தொட்டும் தொடாம நிக்கணும்."

"நான் சொன்ன மாதிரியே தையுங்கோ."

கபிரியேல் அப்படித் தைக்கவில்லை. போகிற இடத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று, இரண்டு அங்குலத்தை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

வாங்கிப்போன அன்று மாலையே கோசலை புருஷனோடு திரும்பி வந்தாள். புதுக் கால்சட்டை போட்டிருந்த அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்திருந்ததில் கால்சட்டை மேலே ஏறி, காலுறைக்கு மேல் கால் தெரிந்தது.

கபிரியேல் தரையில் மண்டியிட்டுத் தையலைப் பிரித்தார். மடிப்பு இறங்கிச் சரியாக ஷூவின் மேல் உட்கார்ந்தது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா நீங்களும் கால்சட்டையை விட்டுட்டுக் காலைப் பற்றித்தான் கேட்டிருப்பியள், ஐயா."

தொண்டைவரை வந்திருந்த கேள்வியைக் கபிரியேல் விழுங்கிக்கொண்டார். பிறகு சிவமணியை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அகலத்தையாவது கொஞ்சம் குறைக்கட்டுமா? இப்ப அதுதான் ஃபேஷன்."

"அதைத்தான் ஐயா, நானும் இவளுக்குச் சொல்லிக் களைச்சுப்போனன்," என்றான் சிவமணி.