பிளாந்தன் என்ன பகுதி?

“ஆரடி அந்தப் பிளாந்தன்?”

வாசலில் நின்று அப்பா பரமலிங்கத்தார் கேட்ட கேள்வியில் சுமித்திராவுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

அக்கா ராஜினி விடியத்தொட்டுப் பேச்சுப்போட்டிக்குப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். கடலில் மிதக்கிற பொடிப்பொடி உயிர்களுக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் பிளாந்தன். செத்து அடிச்சேற்றில் கிடக்கிற அதுகளின் ஓடுகளைப் பார்த்தே, அந்தக் காலத்துக் கடல் சூடா குளிரா என்று சொல்லலாமாம். ஒரேமாதிரித் தெரிகிறதெல்லாம் ஒரே இனமென்று நம்பினால் கணக்குப் பிழைத்துவிடுமாம்.

அப்பா காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்: “தோற்றத்தை நம்பாதீர்கள். பிளாந்தனின் பரம்பரையைப் பாருங்கள்!”

அக்கா இப்போது கிணற்றடியில். சுமித்திரா முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள்.

“ஆளைப் பாத்ததில்லை அப்பா. அக்காதான் எந்த நேரமும் அவற்ற கதை.”

“என்ன பகுதி?”

சாதியென்று நேரே கேட்க அப்பாவுக்கு வாய் வராது.

“கடல் பகுதி.”

“தொழில்?”

“ஒண்டுமில்லை. தண்ணி இழுக்கிற பக்கம் போறதுதான்.”

“தண்ணியுமோ!”

“தண்ணி இல்லாட்டி ஒரு நிமிசம் இருக்கேலாதாம்.”

“கொக்கா ராஜினிக்கு எப்பிடிப் பழக்கம்?”

“பள்ளிக்கூடத்து யோகநாதன் சேர்தான் அறிமுகப்படுத்தினவர்.”

அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். சைக்கிளை எடுத்தார். போய்விட்டார்.

ஈரத்தலையோடு வந்த ராஜினி, நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

“நாசமாப் போவாளே! நாளைக்குப் போட்டியடி. இனி என்னைப் படலை தாண்ட விடுவாரே?”

சுமித்திரா அப்பாவின் தொண்டையைக் கடன்வாங்கினாள். “எங்கட பரம்பரை என்ன, அவன்ர பரம்பரை என்ன!”

அச்சொட்டாக அப்பாதான். ஆனால் ராஜினி சிரிக்கவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு அழுதாள். அப்போதுதான் சுமித்திரா படலைக்கு ஓடி, சைக்கிள் தெரிகிறதா என்று பார்த்தாள்.

கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் போன சைக்கிள் மத்தியானந்தான் திரும்பியது. சுமித்திரா முந்தி ஓடினாள்.

“அப்பா, உண்மையில அது வந்து...”

“பொறு பிள்ளை.”

கையில் பனையோலைப் பை. அதற்குள்ளால் ஒரு மீன்வால் எட்டிப்பார்த்தது. மரக்கறியைத் தவிர வேறொன்றும் கண்டிராத குசினியின் வாசலில் பையை வைத்தார். ராஜினியை நேரே பார்க்கக் கூச்சப்பட்டு, கூரையைப் பார்த்துச் சொன்னார்:

“இரவைக்கு அந்தத் தம்பியைச் சாப்பிட வரச்சொல்லு. கடற்கரைப் பிள்ளை. வெறும் கத்தரிக்காயோட சோறு இறங்காது.”