அடிப்பலகைப் பள்ளம்

"புதுப் பலகைக்கு ஆசாரி அஞ்சு ரூபா கேக்குறான். நீ இன்னா கேக்குற?" என்றாள் ரஹீமுன்னிசா.

"ஒரு வேளை சோறு போதும்மா," என்றாள் முக்காடிட்ட கூலிக்காரி.

ராயபுரத்து வீட்டின் சமையலறை அலமாரி அது. அடிப்பலகையில் ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது.

"எங்க வூட்டுக்காரரோட மொத சம்சாரம் மீன் அரியசொல்ல அங்கதான் கால் கட்டைவிரல ஊனிக்குவாளாம். ரங்கூனுக்குப் போனவ குண்டு விழுந்து செத்துப் பூட்டா. இன்னும் இங்கியே குந்திகினு கீற மாதிரி கீது. மூடிடு."

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"தெனம் அதையேதான் பாத்துகினு கீறாரு. மூடினாத்தான் நான் இங்க வாழ முடியும்."

ரஹீமுன்னிசா சோறு எடுக்கப் போனாள்.

கூலிக்காரி தன் கால் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். ஐந்து வருடங்களுக்குப் பிறகும் சரியாகப் பொருந்தியது.

காலை எடுத்துக்கொண்டு, மரத்தூளும் பசையும் குழைத்த மக்கை அள்ளிப் பள்ளத்தில் பூசத் தொடங்கினாள்.