கடல் கடந்த ஊழியம்

இலங்கை மலையகத்தில் உள்ள யட்டவத்த ஊர்ப் போதகர் வேதமாணிக்கம், இரண்டு வாரம் இந்தியாவில் ஏழைகளுக்கு ஊழியம் செய்யக் கிளம்பினார். சபையார் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, தேநீர் விருந்தும் வைத்தார்கள்.

"கஷ்டப்படுற சனங்களை நேர்ல போய்ப் பார்க்கணும்" என்று போதகர் கண்கலங்கினார்.

தலைமன்னாரில் கப்பலேறி, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசிக் குடிசையில் இருந்த பாப்பம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவள் குலுங்கி அழுதாள்.

"இதுவரைக்கும் எங்க வாசலுக்கு எந்தப் போதகரும் வந்ததில்லைங்க, ஐயா!"

போதகர் உருகிப்போனார். "உங்களுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்கம்மா."

"எம் மகனைப் போய்ப் பாருங்க, ஐயா. நீ இந்தியாக்காரின்னு சொல்லி அங்கத்த சர்க்காரு என்னை மட்டும் இங்க கப்பலேத்திருச்சு. அவன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல காய்ச்சலாக் கெடக்கான்."

"ஐயோ, நீங்க சிலோனா? எந்தத் தோட்டம்? எங்க யட்டவத்தயில இருந்து ரொம்பத் தூரமா?"

பாப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொறந்ததுலருந்து ஒங்க கோயில் மணியக் கேட்டுத்தான் எந்திரிச்சேன், ஐயா. கோயில் பின்கதவத் தொறந்தா, மொத லயம் எங்களதுதாங்க."